‘ஆசியர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் இதயம் தப்பித்துவிடுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் பதினைந்து வருடமாக டெக்சாஸில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 51. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, கடைசியாகப் பார்த்த ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6. அவருடன் வேலை பார்க்கும் நண்பர் கறுப்பினத்தவர், இவரைவிட மூன்று வயது சின்னவர், அவருக்கும் சர்க்கரை உண்டு. போன மாதம் மூச்சுத்திணறல் வந்து, ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. என் கணவரோ, “சர்க்கரை இருக்கிற கறுப்பினத்தவர்கள்தான் இதய நோய்க்கு அதிகமாக அட்மிட் ஆகிறார்கள். ஆசியர்களுக்கு வெள்ளையரைவிடவும் குறைவு, புள்ளிவிவரமே இருக்கிறது” என்கிறார். கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரை டப்பா பிரிக்காமலே கிடக்கிறது. அவர் சொல்வது உண்மையா? இனத்துக்கு இனம் இதயம் மாறுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். மாத்திரை டப்பாவை முதலில் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சர்க்கரை நோய் இருந்து, வயது 40க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் ஸ்டாட்டின் எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் அமெரிக்காவில் இன்றைய வழிகாட்டு முறை. இதில் இனம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கறுப்பினத்தவர், வெள்ளையர், தமிழர், எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஆகவே உங்கள் கணவர் காட்டும் புள்ளிவிவரம் முழுக்க முழுக்கச் சரியாகவே இருந்தாலும், அந்த டப்பாவைப் பிரிக்காமல் வைக்க அது காரணமாகாது. இதை அவரிடம் சண்டையாக இல்லாமல், சாவகாசமாகச் சொல்லிப் பாருங்கள்.

நம் வம்சாவளி கணக்கில் வரும் ஒரு இடம் உண்டு. ரோசுவாஸ்டாட்டின் என்ற மாத்திரை அதே அளவில் கொடுத்தாலும் ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் அதிகமாகச் சேர்கிறது. அதனால் அவர்களுக்கு 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கச் சொல்லி, அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அவருக்கு எழுதிக் கொடுத்தது அந்த மருந்தா, எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அளவு அதிகம் என்று தோன்றினால் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை பயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் “தசை வலி வரும்” என்று யாரோ சொன்னது இருக்கும். குறைந்த அளவில் தொடங்கலாம் என்று தெரிந்ததும் சம்மதித்த பலரை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்தப் புள்ளிவிவரத்துக்கு வருவோம்.

அது பொய்யில்லை. 2002இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு நினைவுக்கு வருகிறது. வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற ஒரே மருத்துவ அமைப்பில் காப்பீடு வைத்திருந்த, சர்க்கரை நோயுள்ள 62 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வயது, படிப்பு, புகைப்பழக்கம் போன்றவற்றில் இருந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஆசியர்களுக்கு மாரடைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. கறுப்பினத்தவர்களுக்கு மாரடைப்பு அதைவிடவும் குறைவு, வெள்ளையருக்கு வந்ததில் பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவுதான். “கறுப்பினத்தவருக்குத்தான் அதிகம்” என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் காண்கிறது. இரண்டாவது விஷயம் சிறுநீரகம். டயாலிசிஸ் வரை போகும் சிறுநீரகச் செயலிழப்பு கறுப்பினத்தவர்களுக்கு இரண்டு மடங்கு, ஆசியர்களுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறுநீரகம் கெட்டால் இதயமும் சேர்ந்தே கெடும். மாரடைப்பு என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தால் இது கண்ணில் படாது.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அந்த ‘ஆசியர்’ யார்? சீனர், ஜப்பானியர், ஃபிலிப்பினோக்கள், இந்தியர், பாகிஸ்தானியர் எல்லாரையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டி எடுத்த சராசரி அது. அதே கைசர் அமைப்பில், 1994இலேயே, ஆசியர்களைப் பிரித்துப் பார்த்து ஒரு ஆய்வு வந்தது. இதய இரத்தக்குழாய் நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை எண்ணினார்கள். சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் அதில் அடக்கம். சீனர்கள் வெள்ளையரைவிடக் குறைவாகச் சேர்ந்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்களோ வெள்ளையரைவிட அதிகமாகச் சேர்ந்தார்கள். ஊர் ஒன்று, காப்பீடு ஒன்று, கட்டமும் ஒன்றுதான். உள்ளே பிரித்தால் ஒரு பிரிவினர் கீழே, நாம் மேலே. மொத்தமாகக் கூட்டியபோது சீனர்களின் குறைவுக்குள் நம்முடைய அதிகம் மறைந்துபோகிறது.

இதற்காகவே 2010இல் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் வாழும் தெற்காசியர்களை மட்டும் சேர்த்து ஒரு ஆய்வு தொடங்கினார்கள். பெயர் ‘மசாலா’. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்தன. டாக்டர் அல்கா கனாயா அதை முன்னின்று நடத்துகிறார். முதல் சுற்றில் சுமார் 900 பேர். அவர்களை, ஏற்கெனவே மற்ற நான்கு இனத்தவரிடம் நடந்துகொண்டிருந்த ‘மெசா’ ஆய்வோடு ஒப்பிட்டார்கள். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது தெற்காசியர்களில் 23 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. கறுப்பினத்தவரில் அது 18, வெள்ளையரில் 6. இதய இரத்தக்குழாயில் படியும் கால்சியத்தையும் ஸ்கேனில் அளந்தார்கள். நம் ஆண்களுக்கு அது வெள்ளையின ஆண்களுக்குச் சமமாகவும், மற்ற மூன்று இனத்து ஆண்களைவிட அதிகமாகவும் இருந்தது. 2018இல் அமெரிக்க இதய நிபுணர் சங்கங்கள் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டியில், தெற்காசிய வம்சாவளி என்பதையே ஆபத்தை உயர்த்தும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் கணவர் பாதுகாப்பு என்று நினைக்கும் கட்டத்தை மருத்துவர்கள் எச்சரிக்கை என்று படிக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தை நிரப்புவது யார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பயிற்சியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில், மாரடைப்போடு வந்த ஒரு தமிழரின் பதிவேட்டைத் திறந்தேன். இனம் என்ற இடத்தில் ‘அமெரிக்க இந்தியர்’ என்று இருந்தது, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி. அவர் “இந்தியன்” என்று சொல்லியிருக்கிறார், பதிவு செய்தவருக்குத் தெரிந்த இந்தியன் அதுதான். பல இடங்களில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும், சில இடங்களில் முகத்தைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள். இப்படிச் சேர்ந்த தாள்களில் இருந்துதான் இனவாரிக் கணக்கு வருகிறது. பயனற்றது என்று சொல்ல மாட்டேன், பெரிய போக்குகளைக் காட்டும். ஒரு தனி மனிதர் மாத்திரை சாப்பிடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அளவுக்கு அது நுணுக்கமானதல்ல.

அட்மிஷன் என்ற எண்ணே என்ன என்று யோசியுங்கள். நோய் வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல அது. நோய் வந்து, அது நோய் என்று அடையாளம் காணப்பட்டு, வாசல் வரை வந்து, உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களின் எண்ணிக்கை. வீட்டிலேயே இறந்துபோனவர் அதில் வரமாட்டார். ‘வெறும் கேஸ் டிரபிள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவரும் வரமாட்டார். மாதாமாதம் நல்ல வைத்தியம் கிடைத்து, அட்மிஷனே தேவைப்படாமல் போனவரும் வரமாட்டார். ஒரு இனத்தின் எண் குறைவாக இருக்க இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஒன்று நல்ல செய்தி, மற்ற இரண்டும் துக்கச் செய்தி.

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு அம்மாவை இன்னும் மறக்கவில்லை. கறுப்பினத்தவர், அறுபதை நெருங்கும் வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. அதற்கு முன் இரண்டு தடவை மூச்சுத்திணறலோடு எமர்ஜென்சிக்கு வந்திருக்கிறார். இரண்டு தடவையும் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை வந்தபோது அவருடைய ஷூவில் கயிறே இல்லை, கால் உள்ளே போகவில்லை என்று உருவிப் போட்டிருந்தார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். “தலையணையா? இரண்டு வாரமாக நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறேன். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை” என்றார். எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயம் தன்னுள் நிரம்பியதில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் இரத்தம் 25 சதவீதம்தான். ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டியது.

அந்த வருடக் கணக்கில் அவர் ‘சர்க்கரை நோயுள்ள கறுப்பினப் பெண், இதயச் செயலிழப்பு, அட்மிஷன் 1’ என்று ஏறியிருப்பார். முதல் தடவையே ஒரு எக்கோ எடுத்து, சரியான மருந்து கொடுத்திருந்தால் அந்த ‘1’ வந்திருக்காமலே போயிருக்கலாம். அப்புறம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு “அவர்கள் இரத்தம் அப்படி” என்று சொல்வது எனக்கு ஆறவே ஆறாது.

இரத்தமா, வாழ்க்கையா என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். ரிச்சர்ட் கூப்பர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1990களில் மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், அமெரிக்காவின் சிகாகோவை ஒட்டிய ஊர் என்று, ஒரே வம்சாவளியினர் வாழும் மூன்று இடங்களில் இரத்த அழுத்தம் அளந்தார்கள். உயர் இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. முன்னோர் ஒன்று, ஆனால் கடல் தாண்டத் தாண்ட எண் ஏறுகிறது. உடல் எடை, உப்பு, உழைப்பு, வாழும் தெரு, தினசரி மன அழுத்தம் எல்லாம் அதில் இருக்கிறது.

மெசா ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது. அதில் இதயச் செயலிழப்பு அதிகமாக வந்தது கறுப்பினத்தவருக்குத்தான். ஆனால் உயர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இனத்தால் வந்ததாகத் தெரிந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. உங்கள் கணவரின் நண்பருக்கு இருந்த இந்த இரண்டில் ஒன்று உங்கள் கணவருக்கும் இருக்கிறது. மற்றது, அதாவது இரத்த அழுத்தம், எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை.

மரபுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் சில வகைகள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுகின்றன. அவை சிறுநீரக நோயின் அபாயத்தைக் கூட்டுகின்றன. நம்மவர்களுக்கு உடல் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும் தன்மை உண்டு. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015இலிருந்து, ஆசிய வம்சாவளியினருக்கு உடல் எடைக் குறியீடு 25 அல்ல, 23 வந்தாலே சர்க்கரை பரிசோதனை செய்யச் சொல்கிறது. ஆனால் ‘இனம்’ என்ற ஒரு சொல்லை மரபணுவுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது முரட்டுக் கணக்கு. மருத்துவமும் மெல்ல அதை விட்டு விலகி வருகிறது. 2013இல் வந்த இதய ஆபத்துக் கணிப்பானில் வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று இரண்டே கணக்குகள், நமக்கென்று தனிக் கணக்கு இல்லை. 2023இல் வந்த ‘பிரிவென்ட்’ கணிப்பானில் இனம் கேட்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாகச் சிறுநீரகத்தின் திறன் கேட்கிறார்கள். வேண்டுமானால் ஏ1சியையும், வசிக்கும் இடத்தின் வசதி வாய்ப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வைத்தியம் போய்ச் சேருவதிலும் வித்தியாசம் இருக்கிறது. எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015இல் வெளியான பெரிய ஆய்வில், இதய நோயும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளவர்களுக்கு அது இதயச் செயலிழப்பு அட்மிஷனை 35 சதவீதம் குறைத்தது. அந்த ஆய்வில் இருந்த கறுப்பினத்தவர் சுமார் 5 சதவீதம்தான். மருந்து வந்த பிறகு காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தால், அது கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் பெண்களுக்கும் குறைவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆமாம், ஆசியருக்கும்தான். விலை அதிகம், காப்பீட்டில் தடைகள், கேட்டால்தான் எழுதுவது என்று பல காரணங்கள். உங்கள் டெக்சாஸ், காப்பீடே இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நண்பருக்கு வேலை வழியாகக் காப்பீடு இருக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தும் தாமதமாகியிருக்கலாம்.

நம் வீடுகளில் தாமதம் வேறு வழியில் வருகிறது. சர்க்கரை பல வருடம் இருந்தால் நரம்புகள் மரத்துப்போகும், இதயத்தின் நரம்பும்தான். மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். சர்க்கரைக்காரருக்கு வெறும் வியர்வை, திடீர் அசதி, மூச்சு வாங்குவது, மேல்வயிற்றில் ஒரு அழுத்தம் என்று மட்டும் வரலாம். நம்மாட்கள் உடனே “கேஸ் டிரபிள்” என்பார்கள், சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். நடு ராத்திரியில் வந்த மாரடைப்புக்கு மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் இதயத்தின் ஒரு பகுதி போயே போயிருக்கும். உங்கள் கணவருக்கு ஓய்வாக இருக்கும்போது வியர்த்துக் கொட்டினாலோ, வழக்கமாக ஏறும் மாடிப்படியில் பாதியில் நின்றாலோ, தாடையிலோ இடது தோளிலோ ஒரு கனம் வந்து போகாமல் இருந்தாலோ, 911ஐ அழையுங்கள். நீங்களே காரில் கூட்டிப் போக வேண்டாம். ஆம்புலன்ஸில் ஏறிய நிமிடமே இசிஜி எடுத்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். இரத்த அழுத்தத்தை வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் ரொம்ப உதவும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா, சிறுநீரகத் திறன் என்ன என்று கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையை வருடம் ஒரு தடவை செய்ய வேண்டும், பலருக்கு அது விட்டுப்போகிறது. இதயச் செயலிழப்பின் முதல் அறிகுறியைக் காட்டும் பிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை அவருக்குத் தேவையா என்று கேட்கலாம். நான் மேலே சொன்ன எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை அவருக்குப் பொருந்துமா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். “நாங்கள் தெற்காசியர்கள், குடும்பத்தில் ஒருவருக்கு ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறது” என்பது போன்ற விவரம் இருந்தால் அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். கால்சியம் ஸ்கேன் எடுத்துச் சுழியம் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தச் சுழியம் மற்றவர்களுக்குப் போல நெடுநாள் தைரியம் தராது.

ஏ1சி 7.6 பயப்படும் எண் இல்லை, விட்டுவிடும் எண்ணும் இல்லை. 1974இலேயே ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு வரை அதிகம் என்று சொல்லிவிட்டது. சர்க்கரையோடு இரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அந்த மடங்கு இறங்கும்.

கடைசியாக அந்த நண்பர். ஹார்ட் ஃபெயிலியர் வந்து வீட்டுக்குத் திரும்பிய முதல் ஒரு மாதத்தில்தான் மறுபடியும் அட்மிட் ஆகும் வாய்ப்பு மிக அதிகம். உங்கள் கணவர் அவரைத் தினமும் பார்க்கிறார் அல்லவா? காலையில் எழுந்ததும், பாத்ரூம் போய்விட்டு வந்து, ஒரே நேரத்தில் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பவுண்டோ, ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டோ ஏறினால் அது சாப்பாட்டால் அல்ல, உடம்பில் தேங்கும் நீர். அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அவரிடம், ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று உங்கள் கணவரையே கேட்கச் சொல்லுங்கள்.